நாலு மணி நிழல்

கோப்பின் பெயர் மித்லா.
நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து, மெத்தை உறை,
ஆயிரத்து இருநூறு மீட்டர், கப்பல் தேதி முன்னமே குறித்தாயிற்று.
கரூர் வெங்கமேட்டில் ஒரு மாடித் தகரக் கொட்டகை,
மின்விசிறி சுற்றச் சுற்ற வெக்கை.
திரையில் ஒரு சுவர் நிற்கிறது.

மெக்சிகோவாம். செத்தவர்களின் இடம் என்று அந்தப் பெயருக்கு அர்த்தமாம்.
படியேறிப் போய்
தன்னுள்ளேயே சுருண்டுகொள்ளும் கோடு,
மறுபடி படி, மறுபடி சுருள்.
சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை,
கல்லும் கல்லும் பல்லைக் கடித்துக்கொண்டு
எத்தனை நில நடுக்கத்தைப் பார்த்தனவோ.
"கல் மாதிரித் தெரியணும், தொட்டா மெத்துனு இருக்கணும்,
அவங்க கேக்கறது அதுதான்" என்கிறார் மோகனசுந்தரம்.
எனக்குத் தெரிந்த கணக்கு:
ஒரு படிக்குப் பதினாறு பாவு, பன்னிரண்டு ஊடை.

கல்லை நெய்துவிடலாம், சாம்பல் நூல் போதும்.
நிழலை என்ன செய்வது?
அந்தச் சுவரில் உளி வெட்டியது பாதி,
மீதியை வெட்டுவது வெயில்.
காலையில் நீண்டு, உச்சியில் சுருளுக்குள் ஒண்டி,
பொழுதோட படியிறங்கிப் போகும் நிழல்.
படம் எடுத்தவன் நாலு மணிவாக்கில் எடுத்திருக்கிறான்.
நாலு மணியைக் கறுப்பு நூலில் பிடித்துப் போட்டேன்.
இனி எந்த ஊர் சோபாவிலும்
அதற்குப் பொழுது சாயாது.

ஒரு சுருளை வரைந்தேன், திருப்பினேன், ஒட்டினேன், பெருக்கினேன்.
கால் மணி நேர வேலை. சாம்பிளும் போயிற்று.
அப்புறம்தான் கண்ணில் பட்டது,
மூன்றாம் வரிசையில், இடமிருந்து ஏழாவது,
ஒரே ஒரு சுருள்
எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
உடைசல் இல்லை. பின்னாளில் செருகியதாகவும் தெரியவில்லை.
இருட்டுக் கட்டும் நேரத்தில் வெட்டினானோ,
பல்வலியோ, மேஸ்திரியோடு சண்டையோ,
இல்லை,
இத்தனை ஒழுங்குக்கு நடுவே தன் பங்குக்கு ஒரு முரண்டோ.
ராத்திரி ஒன்றரைக்கு அதையும் வரைந்து சேர்த்தேன்.
யாரையும் கேட்கவில்லை.

பதினோரு நாள் தறி ஓடிற்று.

செக்கிங் மேசையில் அங்காத்தாள்.
சிவப்பு அம்பை நகத்தால் உரித்து
முதல் உறையில் ஒட்டினாள், இரண்டாவதில், பத்தாவதில்.
நாற்பதாவதில் நிமிர்ந்தாள்.
"ஏனுங்க, இது அல்லாத்துலயும் இருக்குதுங்களா?"
"இருக்குதுங்க."
"அப்பறம் இது தப்பில்லீங்களே. டிசைனுங்க."
ஒட்டிய அம்பையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்தாள்,
பசை விரலில் ஒட்ட, சேலையில் துடைத்துக்கொண்டு.

சுவரில் ஒன்றாக இருந்தவரை அது அவனுடையது.
ஏழாயிரம் தடவை சொல்ல வைத்து
அவன் வாயை அடைத்துவிட்டேன்.

கடைசி உருளையில் மூணே மூணு உறை.
கரண்ட் போய்த் திரும்பியபோது செங்கோடன்
பழைய கோப்பைப் போட்டுவிட்டான் போல.
எல்லாச் சுருளும் ஒரே பக்கம் பார்த்தன.
எங்கும் குறை சொல்ல முடியாத நெசவு.
மூன்றிலும் அம்பு ஒட்டியிருந்தது.
"தறிக்காரன் மாத்திப் போட்டுட்டானுங்க, பாருங்க" என்றாள்,
ஏழாவது சுருளைத் தட்டிக் காட்டி.

கழிவுக்குப் போக வேண்டியதில் ஒன்றை எடுத்து
என் நாற்காலியில் போட்டுக்கொண்டேன்.
சாயங்காலம் தகரத்து ஓட்டை வழியே
காசளவு வெயில் அதன்மேல் ஊர்கிறது.
கறுப்பு நூல் சொல்கிறது, நிழல் இடப்பக்கம் என்று.
கட்டைவிரலை நட்டுப் பார்க்கிறேன்,
வலப்பக்கம் விழுகிறது.
அம்பை இன்னும் பிய்க்கவில்லை.